காணாமல் போகும் உப்பு டப்பா

"அத்தை, உப்பு டப்பா எங்கே?"

"அங்கேதானேம்மா இருந்துச்சு?"

"இல்லையே!"

மருமகள் அலமாரியைக் குடைந்தாள். கடைசியில் டப்பா கிடைத்த இடம் அழுக்குத் துணிக் கூடை. நேற்று ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கிடந்தது. உப்பு டப்பாவுக்குக் கால் முளைத்துவிட்டதா என்ன?

கணவர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்ததிலிருந்து அந்த வீட்டில் எல்லாருக்கும் ஒரே சட்டிதான். சாதம், பருப்பு, வேகவைத்த காய். எண்ணெய் பேருக்கு. உப்பு அறவே கிடையாது. வேண்டியவர்கள் அவரவர் தட்டில் தூவிக்கொள்ளலாம்; டப்பா அதற்குத்தான். அவருக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு சமையல் செய்ய அவளுக்கு ஏது நேரம்? காலையில் தபால் ஆபீஸ் கவுண்டரைத் திறக்க வேண்டியவளே அவள்தான்.

அவளும் வைராக்கியமாக உப்பில்லாமலே சாப்பிட்டாள். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பாட்டைத் திறந்து ஒரு வாய் வைத்தால் உப்பு நன்றாகத் தெரிகிறது! எல்லா நாளும் இல்லை. ஒரு நாள் இருக்கும், ஒரு நாள் இருக்காது. நாக்குதான் பொய் சொல்கிறதோ என்று பக்கத்துக் கவுண்டர்க்காரியிடம் ஒரு வாய் கொடுத்துப் பார்த்தாள்.

"உப்பு கச்சிதமா இருக்கே! என்ன குறை?" என்றாள் அவள்.

போன வாரம் டாக்டரும் முகத்தைச் சுளித்தார்.

"பிரஷர் இறங்கவே இல்லையேம்மா. சாப்பாட்டுல உப்பு சேருது. இப்படியே போனா மறுபடியும் அட்மிட் பண்ண வேண்டியதுதான்."

"சத்தியமா நான் போடறதில்ல டாக்டர்!"

இன்னொரு நெஞ்சுவலியை அந்த மனுஷன் தாங்குவாரா?

அப்படியானால் போடுவது யார்? மகள் தண்ணீர் குடிக்கக்கூட சமையலறைப் பக்கம் வராத மகராணி. கணவரோ, "உன் தலைமேல சத்தியம், நான் தொடல" என்று நிஜமாகவே தலைமேல் கை வைத்துவிட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆள்.

முதல் நாளே தட்டைத் தள்ளிவைத்து, "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று முணுமுணுத்தது யார்? மாமியார்தானே! பிள்ளை நாக்கு செத்துக் கிடப்பதைப் பெற்ற மனம் பொறுக்கவில்லை. டப்பாவை எடுத்து ஒளித்துவைத்துக்கொண்டு, இவள் தலை மறைந்ததும் ஒரு பிடி போடுகிறாள். வேறென்ன?

போதாக்குறைக்கு, முந்தாநாள் காய் வெந்த தண்ணீரை மாமியார் வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ அத்தை! சத்தெல்லாம் அதுலதானே இருக்கு?"

"கொஞ்சம் குழைஞ்ச மாதிரி இருந்துச்சும்மா" என்று சமாளித்தாள். காய் குழையவே இல்லை. இந்தம்மாவுக்கு என்னதான் ஆச்சு?

இன்று காலை அவள் ஒரு முடிவோடு இருந்தாள். காயை அடுப்பில் ஏற்றிவிட்டு, "குளிக்கப் போறேன்" என்று சத்தமாகச் சொன்னாள். குழாயைத் திறந்துவிட்டு, பூனை மாதிரி திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

அடுப்பாண்டை மாமியார். கையில் உப்பு டப்பா. முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கையும் களவுமா மாட்டினீங்களா!"

மாமியார் ஓரடி பின்வாங்கினாள். மருமகள் டப்பாவைப் பிடுங்கி, அடுப்புப் பக்கத்தில் 'டங்'கென்று வைத்தாள். சத்தம் கேட்டுக் கணவர் ஓடி வந்தார்.

"என்னடி கலாட்டா?"

"உங்கம்மாவையே கேளுங்க! பாசம்ங்கிற பேர்ல உங்களைப் படுக்கையில தள்ளப் பாக்கறாங்க! நான் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி சமைக்கிறேன், இவங்க பின்னாலேயே வந்து உப்பைக் கொட்டறாங்க!"

மாமியார் ஒன்றுமே மறுக்கவில்லை. "அம்மாடி, கொஞ்சம் தள்ளி வந்து பேசேன். அடுப்பாண்டை வேணாம்" என்று மட்டும் கெஞ்சினாள்.

"ஏன், இங்கே நின்னா என்ன? உள்ளதைச் சொன்னா உடம்பு எரியுதா?" காய் பொங்கியது. கரண்டியை எடுத்துக் கிண்டிக்கொண்டே தொடர்ந்தாள். "டாக்டர் என்னைத்தானே குத்தவாளி மாதிரி பாத்தாரு!"

"அம்மா, என் ஐடி கார்டு எங்கே?" உள்ளேயிருந்து மகள்.

"கண்ணைத் திறந்து பாரு, டிவி பக்கத்துல! ஒரு வேலை உருப்படியா செய்ய விடறீங்களா? இவரு நல்லா இருக்கணும்னு நான் மட்டும் நினைச்சாப் போதுமா?"

கணவர் வாயைப் பிளந்துகொண்டு அவளையே பார்த்தார். மாமியார் அவரிடம் 'வேண்டாம், சொல்லாதே' என்று கண்ணாலேயே ஜாடை காட்டினாள்.

"ஏன் ரெண்டு பேரும் பேய் அறைஞ்ச மாதிரி நிக்கறீங்க?"

"ஏய்..." கணவர் விரலை நீட்டினார். "உன் கையைப் பாரு."

பார்த்தாள். டப்பா மூடி திறந்து கிடந்தது. அவளுடைய விரல் நுனியெல்லாம் உப்பு.

"நானா... நானா போட்டேன்?"

"கல்யாணமான நாள்லேர்ந்து பழகின கை, அவசரத்துல அதுபாட்டுக்குப் போட்டுடுதும்மா" என்றாள் மாமியார். "டப்பாவை ஒளிச்சு வெச்சுப் பாத்தேன். நீ போடறது கண்ணுல பட்டா, தண்ணியை வடிச்சுக் கொட்டினேன். படாத நாளும் இருந்திருக்கு."

"ஏன் அத்தை சொல்லல?"

"'என் சமையல்தான் அவரைச் சாய்ச்சுது'ன்னு ஆஸ்பத்திரி பாத்ரூம்ல நின்னு அப்படி அழுதியே, உன்கிட்ட எப்படிம்மா சொல்லுவேன்? என்னைத் திருடின்னு நினைச்சா நீ திட்டத்தான் செய்வே. இதைச் சொன்னா நீ உடைஞ்சே போயிடுவியேடி!"