மஸ்கட்

“உங்க வீட்டுக்காரர் மஸ்கட்ல வேலை பார்க்கிறதா உங்க மகளே சொல்லியிருக்காங்களேம்மா?”

நீதிபதியின் குரலில் கடுமை இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். பின்வரிசையில் மகள் ஜெனிட்டா, பள்ளிச் சீருடையில். இருப்பதில் நல்ல உடை அதுதான்.

தருவைகுளத்தில் அடித்த புயல் அவளுடைய கருவாட்டுக் கொட்டகையை வாரிக்கொண்டு போயிருந்தது. சம்பாதிக்க ஆள் இல்லாத வீடுகளுக்கு அரசு உதவித்தொகை அறிவித்தது. விசாரிக்க வந்தவர் கதவைத் தட்டியபோது அவள் வீட்டில் இல்லை. மகள்தான் பதில் சொன்னாள். அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் நிமிர்ந்து நின்று சொல்கிற பெண்.

கணவர் வெளிநாட்டில், வருமானம் உண்டு என்று தள்ளிவிட்டார்கள்.

மறுபடி மனுப் போட்டாள். மனுவை எழுதியது மகள். அதில் எப்படி உண்மையைச் சொல்வது?

அதுவும் தள்ளுபடியாகி, வழக்கு மதுரை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது வக்கீலிடமும் சொல்லவில்லை.

கோர்ட்டுக்கு வராதே என்றுதான் மகளிடம் சொன்னாள். “என்னாலதானம்மா போச்சு. அப்பா பணம் அனுப்புறதில்லன்னு நானே சொல்றேன்” என்று ஜெனிட்டா மதுரைக்குக் கூடவே வந்துவிட்டாள்.

நீதிபதி காத்திருந்தார்.

வழக்கு வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம். போனால் இந்த வருடத்தோடு மகளின் படிப்பு நின்றுவிடும்.

“அவரு மஸ்கட்டுக்குப் போகவே இல்லய்யா.”

சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“இவ கைப்புள்ளயா இருக்கையிலயே வேற ஒருத்தியோட போயிட்டாரு. நாந்தான் புள்ளட்ட அப்படிச் சொல்லி வளத்தேன்.”

“யாருக்காவது தெரியுமா இது?”

“ஊருக்கே தெரியும்யா. இவளுக்குத்தான் தெரியாது.”



அவள் பின்வரிசைப் பக்கம் திரும்பவில்லை.

நீதிபதி நிராகரிப்பை ரத்து செய்தார். ஊரில் விசாரித்து, உதவியைத் தாமதமில்லாமல் கொடுக்கச் சொன்னார். “ஜெயிச்சிட்டோம்மா” என்றார் வக்கீல்.

ஊர் திரும்பும் பேருந்தில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வெயில் மகளின் மடியில் விழுந்து கிடந்தது. அருப்புக்கோட்டையும் தாண்டிவிட்டது.

“எந்த ஊர்ல இருக்காரு?”

இன்னொரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

“எட்டயபுரம். அடுத்தாப்ல வரும்.”

கல்யாணப் படத்தில் பார்த்ததைத் தவிர மகளுக்கு அந்த முகம் தெரியாது.

எட்டயபுரத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். ஜெனிட்டா ஜன்னல் கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, வெளியே நின்ற ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

நடத்துநர் விசில் கொடுத்தார்.

“இப்பவும் மீசை வச்சிருப்பாராம்மா?”