கொண்டலைப் பார்த்து

வெப்பம் காட்டும் முள் பச்சையைத் தாண்டியது.

அவள் விரல் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்தியபடி இருந்தது. தலைக்கு மேலே ஹெலிகாப்டரின் இறக்கைகள் சோம்பலாகச் சுற்றத் தொடங்கியிருந்தன. எரிபொருளைத் திறந்ததும் எஞ்சினுக்குள் பொக்கென்று தீப்பற்றிய சத்தம். அதுவரை எல்லாம் சரி.

முள் மஞ்சளுக்குள் நுழைந்தது. அங்கும் நிற்கவில்லை.

கொஞ்சம் பொறுத்தால் தானாக இறங்கிவிடும் என்றது மனம்.

அவள் எரிபொருளை மூடினாள்.

பொத்தானை மட்டும் விடவில்லை. தீ அணைந்த எஞ்சினுக்குள் வெறும் காற்று ஓடிச் சூட்டை வெளியே தள்ளட்டும்.

முள் சிவப்புக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நின்றது. தயங்கியது. இறங்கியது.

அதன் பிறகே விரலை எடுத்தாள்.

பின்னால் ஸ்ட்ரெச்சரில் சூசை படுத்திருந்தார், கால்மாட்டில் அவர் மனைவி சிசிலி. சங்கு குளிப்பவர். காலையில் ஆழத்திலிருந்து ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டார். ரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் சேர்ந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அவரைக் காப்பாற்றும் அழுத்த அறை, வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மருத்துவமனையில். மழையில் பாலம் போய்விட்டது. சாலை கிடையாது.

சூசையின் தம்பி தொம்மை ஜன்னலுக்கு ஓடி வந்தான்.

“என்ன மேடம், நின்னுபோச்சு?”

“சூடு ஏறிருச்சு. நான்தான் நிறுத்தினேன்.”

“இன்னொரு தடவ போடுங்க மேடம். நேரம் போகுதுல்லா.”

அவள் கதவைத் திறந்து இறங்கினாள்.

காற்று முதுகில் அடித்தது.

இந்த மாதா கோயில் மைதானத்தில் வந்து இறங்கியபோது காற்று மேற்கிலிருந்து வீசியது. அதற்கு எதிராகத்தான் நிறுத்தியிருந்தாள். ஸ்ட்ரெச்சரை ஏற்றிக் கட்டுவதற்குள் காற்று மாறிவிட்டது. இப்போது கிழக்கே கடலிலிருந்து வருகிறது. நேராக வால் பக்கம். எஞ்சின் வெளியே விடும் அனலை மறுபடி உள்ளே தள்ளுகிறது.

“கொண்டலு,” என்றான் தொம்மை. “உச்சிக்கு மேல இப்படித்தான் மாறும்.”

“வண்டியத் திருப்பணும். மூக்கு கடலப் பார்க்கணும்.”

“திருப்புறதுக்குள்ள எங்கண்ணன்…”

“இப்படியே போட்டா எஞ்சின் வெந்துரும் தொம்மை. அப்புறம் யாரும் எங்கயும் போக முடியாது.”

அவன் முகம் கோணியது. அழுகையா கோபமா தெரியவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது. சூசை ஆக்ஸிஜன் மூடியை ஒரு கையால் விலக்கியிருந்தார்.

“அவங்கள விடுல. நான் அவசரப்பட்டு மேல வந்துதான் இப்பிடிக் கெடக்கேன்.”

தொம்மை தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மாதா கோயில் பக்கம் திரும்பி இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தான்.

ஆட்கள் வந்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், குளித்துக்கொண்டிருந்தவர்கள், ஈர லுங்கியோடு ஒருவர்.

அவள் சாமான் அறையிலிருந்து சிறு சக்கரங்களை எடுத்து ஹெலிகாப்டரின் இரண்டு கால்களிலும் மாட்டினாள். எங்கே கை வைக்கலாம், எங்கே கூடாது என்று தொட்டுக் காட்டினாள். ஒருமுறை சொன்னால் போதுமாயிருந்தது. வருஷம் முழுக்கப் படகு தள்ளும் கைகள்.

யாரோ அம்பாப் பாட்டை எடுத்தார். படகைக் கரையேற்றும் பாட்டு. மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள்.

ஹெலிகாப்டர் அசைந்தது. மைதானத்தின் மண்ணில் அரைவட்டம் போட்டது.

மூக்கு கொண்டலைப் பார்த்தது.

அவள் சக்கரங்களைக் கழற்றினாள். எல்லோரையும் கோயில் சுவர்வரை போகச் சொன்னாள். ஏறி உட்கார்ந்தாள்.

எஞ்சின் ஆறியிருந்தது. பேட்டரி இளைத்திருந்தது. இன்னொரு முறைக்குத்தான் வரும்.

பொத்தானை அழுத்தினாள்.

எஞ்சின் முனகியது. வேகம் மெல்ல ஏறியது. போன முறையைவிட மெல்ல. சுவரோரம் தொம்மையின் கை காற்றில் சுற்றியது, போடுங்க, போடுங்க என்று.

போதுமான காற்று உள்ளே ஓடாமல் எரிபொருளைத் திறந்தால் மறுபடி அதே சூடு. அவள் காத்திருந்தாள். வேகம் ஏறி, ஒரு நொடி சுணங்கி, மறுபடி ஏறியது.

இன்னும் இல்லை.

இன்னும் இல்லை.

இப்போது.

பொக்.

வெப்ப முள் விறுவிறுவென்று ஏறியது. மஞ்சளைத் தொட்டது.

முள் திரும்பியது. பச்சைக்குள் வந்து உட்கார்ந்தது. மேலே இறக்கைகள் தனித்தனியாகத் தெரியாமல் ஒரே வட்டமாயின.

சுவரோரம் இருந்தவர்களின் லுங்கிகள் படபடத்தன. தொம்மை இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தபடி நின்றான்.

தாழத்தான் பறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உயரம் போனால் ரத்தத்தில் சேர்ந்த காற்றுக் குமிழ்கள் பெரிதாகும். அவள் தண்ணீரை ஒட்டியே போனாள். கீழே பச்சைக் கடல். அதில் அவர்கள் நிழல் கூடவே ஓடியது. எஞ்சினின் சத்தம் ஒரே சீராக இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதே சுகமாக இருந்தது.

ஹெட்செட்டில் பின்னாலிருந்து சிசிலியின் குரல்.

“மேடம்.”

“சொல்லுங்க.”

“இவுக பாதத்த ஏறுனதுலேர்ந்து தேய்ச்சிக்கிட்டே வாறேன்.”

“ம்.”

“கைய எடுக்கச் சொல்லுதாக.”

“ஏன்?”



“கூசுதாம்.”

அவள் முன்னால் பார்த்தாள். அக்கரை ஒரு கோடாக எழுந்துகொண்டிருந்தது. கோடு கொஞ்சம் கலங்கித் தெரிந்தது.

“எடுக்கட்டா மேடம்?”

“எடுக்காதீங்க.”