சுவருக்கு அந்தப் பக்கம்

கடையின் கிடங்கறைச் சுவரில் காதை ஒட்டவைத்தபடி நின்றிருந்தார் அந்த அம்மாள். தோளில் கைப்பை. கண்கள் இரண்டும் மூடியிருந்தன.

சுவருக்கு இந்தப் பக்கம், ஸ்பீக்கர்களைப் போட்டுக் காட்டும் அறையில், அவருடைய கணவர் சோபாவில்கூட உட்காரவில்லை. "போடுங்க சார், அவ ரெடி" என்று காதுக்காரரை அவசரப்படுத்தினார்.

காதுக்காரர் என்பது விற்பனையாளருக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர். எந்த ஸ்பீக்கரில் என்ன கோளாறு என்று கேட்டமாத்திரத்தில் சொல்லிவிடுவார். அதை வாடிக்கையாளரிடமே சொல்லிவிடுவார், அதுதான் சிக்கல். "இன்னிக்குள்ள ஒரு ஜோடியாவது போகணும். இல்லேன்னா நாளையிலேருந்து நீங்க வாஷிங் மெஷின் செக்‌ஷன்" என்று மேனேஜர் காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். இருபது வருஷமாகப் பாட்டுக் கேட்ட காது, இனித் துணி சுழலும் சத்தத்தைக் கேட்கவேண்டும்.

"எந்தப் பாட்டு சார் போடட்டும்?"

"ஐயோ, எங்களைக் கேக்காதீங்க. நான் ஒண்ணு சொல்வேன், அவ ஒண்ணு சொல்வா. ரெண்டு வாரமா வீட்ல இதே அடிதடிதான்."

"ஆமா, நீங்களே எதையாவது போடுங்க!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்தும் குரல் வந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை.

"ஹால் எவ்வளவு பெருசு சார்?"

"ஹாலா? அது சரியாத் தெரியல. சுவர் நாலரை அங்குலம், அது நல்லாத் தெரியும். ரெண்டு வீட்டுக்கும் பொதுச் சுவர். அலமாரி அதை ஒட்டினாப்பலதான் இருக்கு. அந்தப் பக்கம் எப்படிக் கேக்குதுன்னு பாத்துத்தான் வாங்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா."

காதுக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அடுத்த வீட்டுக்காரன் தூக்கத்தைப் பற்றிக் கவலைப்படுகிற ஜீவன்களும் இருக்கத்தான் செய்கின்றன! உடனே, புத்தக அலமாரியில் அடக்கமாக உட்காரும் சின்ன ஜோடி ஒன்றை எடுத்து வைத்தார். நாலு பக்கமும் மூடிய பெட்டி.

"ரொம்பச் சாது சார் இது. பாட்டு ரூமை விட்டு வெளிய போகாது."

பாட்டு முடிந்ததும் அம்மாள் வெளியே வந்தார். முகம் கோணியிருந்தது. "ம்ஹூம். இது சரிப்படாது."

இதுவேகூடக் கேட்டுவிட்டதா? அம்மாளுக்குப் பாம்புக் காதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, அதைவிடச் சாதுவான ஜோடி ஒன்றை வைத்தார். அதற்கும் அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். மூன்றாவதைச் சத்தம் பாதியாகக் குறைத்தே போட்டார். அம்மாள் சுவரிலிருந்து காதை எடுத்த கையோடு, "வாங்க, வேற கடை பாப்போம்" என்று கிளம்பிவிட்டார்.

காதுக்காரர் கண்முன்னால் வாஷிங் மெஷின்கள் வரிசையாகச் சுழன்றன.

"ஒரு நிமிஷம்மா! இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அடித் தட்டில் ஒரு ஜோடி கிடந்தது. யாரோ வாங்கி, நாலாம் நாளே திருப்பிக் கொடுத்தது. பெட்டியின் முதுகில் பெரிய ஓட்டை. முன்னால் வருவதற்குச் சமமாகப் பின்னாலும் முழங்கித் தள்ளும். ஆனது ஆகட்டும் என்று அதையும் போட்டார்.

பாட்டு பாதிகூடப் போகவில்லை. அம்மாள் கிடங்கறையிலிருந்து ஓடியே வந்தார். முகமெல்லாம் பல். "இதாங்க! இதையே பேக் பண்ணச் சொல்லுங்க!"

காதுக்காரர் ஒரு கணம் விழித்தார். பாம்புக் காதுக்குத் திடீரென்று என்ன ஆயிற்று? ஆனாலும் பில் புத்தகத்தை எடுத்தார். வாயை மூடிக்கொண்டு பில் போட்டால் போதும். நாளைக்கும் இதே அறை, இதே பாட்டு.

பாதி எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பாழாய்ப்போன நாக்கு சும்மா இருந்தால்தானே.

"அம்மா, மனசு கேக்கல, சொல்லிடறேன். இதைச் சுவரோரமா வெச்சா, பாட்டு மொத்தமும் அடுத்த வீட்டுலதான் கேக்கும். முன்னாடி வாங்கினவர்கிட்ட பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கே வந்துட்டாங்க. அதான் திரும்பி வந்துது. வேணாம்மா."

சொல்லி முடித்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். போச்சு, நாளைக்கு வாஷிங் மெஷின்தான்.

"இது எங்களுக்கு இல்லீங்க" என்றார் கணவர். "ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டருக்கு. ஒண்டிக்கட்டை. தினம் சாயங்காலம் ஆறு மணியானா டாண்ணு பாட்டுப் போட்டுடுவார். அவர் செட்டு கெட்டுப் போய் ரெண்டு வாரமாச்சு. இப்போ காதுல எதையோ மாட்டிக்கிட்டுத் தனியாக் கேக்கறார். நாளைக்கு அவருக்குப் பிறந்தநாள்."

"அந்த வயசானவருக்கா இதைக் குடுக்கப் போறீங்க?" காதுக்காரர் பதறிப்போனார். "அவர் பக்கத்து வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா?"

கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் முதல்முறையாகச் சேர்ந்து சிரித்தார்கள்.

"பக்கத்து வீடே நாங்கதாங்க!"