மாத்திரை டப்பாவின் திங்கட்கிழமை

கூரியர் பெட்டியைப் பிரித்து, குர்குமின் மாத்திரை டப்பாவை ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்தாள் மேகலா. அவளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி, சர்க்கரையும் ஏறிக்கொண்டிருந்தது.

"மஞ்சளோட சத்து மொத்தமும் எனக்குள்ள! இனி அவங்களுக்குக் கவலையே இல்ல!" என்று குதித்தது டப்பா.

"வா, வா! நானும் இப்படித்தான் குதிச்சேன். வாங்கின அன்னைக்கே என்னைப் போட்டோ எடுத்து, திங்கட்கிழமையிலேர்ந்து வாக்கிங்னு தோழிகளுக்கு அனுப்பினாங்க" என்றது கீழ்த்தட்டில் இருந்த ஷூ.

"அப்புறம்?"

ஷூ தன் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டியது. ஒரு பொட்டு மண்கூட ஒட்டியிருக்கவில்லை.

அதற்குள் மேகலா டப்பாவைப் போட்டோ எடுத்துவிட்டு, போனில் உற்சாகமாகச் சொன்னாள்: "திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேன்டி!"

"கேட்டியா? திங்கட்கிழமை!" என்று துள்ளியது டப்பா.

ஷூ நகர்ந்து, கீழ்த்தட்டில் தன் பக்கத்தில் டப்பாவுக்கு இடம் விட்டது.