நடு வரிசையில் மரியசூசை

குரலை எடுத்துவிட்டு முகத்தை மட்டும் வைத்துக்கொள்வது பாவமா என்று கலைச்செல்வி ஃபாதரிடம் கேட்கவில்லை. கேட்டால், பாவம்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அந்த முகமும் குரலும் மரியசூசையுடையவை. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பாடற்குழுவில் அவர் பாடத் தொடங்கியபோது கலைச்செல்வி பிறக்கவே இல்லை. அந்தக் காலத்தில் மைக் கெட்டுப்போனால்கூட யாரும் கவலைப்பட மாட்டார்களாம்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனபிறகு குரல் போய்விட்டது. போனதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மிஞ்சிய கரகரப்பு பாட்டின் நடுவே திடீரென்று செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு ஏறும். அங்கிருந்து உருண்டு விழும்போது பக்கத்தில் பாடுகிறவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும்.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடற்குழுவில் பாதிப் பேர் ஊரில் இல்லை. சென்னை, ஓசூர், குவைத் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். அதனால் ஒரு ஏற்பாடு. அவரவர் வீட்டிலேயே இயர்போனில் இசையைக் கேட்டபடி பாடி, செல்போனில் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் கலைச்செல்வி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பாட்டாக்கிவிடுவாள்.

மரியசூசையைச் சேர்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. சொல்லாமல் விட்டால் மனிதர் வருத்தப்படுவாரே என்று கலைச்செல்விதான் அவர் வீடு தேடிப் போனாள். மரியாதைக்குக் கூப்பிடுவோம், வேண்டாம் என்றுதானே சொல்லப் போகிறார் என்று நினைப்பு.

அவரும் அப்படித்தான் சொன்னார். "எனக்கு இன்னாத்துக்கு பாப்பா? புள்ளைங்க பாடட்டும்."

அதோடு எழுந்து வந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே.

"நீங்க இல்லாம அது ஒரு பாட்டா, பெரியப்பா?" என்று சொல்லிவிட்டாள்.

மரியசூசை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, சரி, அனுப்புறேன் என்றார்.

விஷயம் குவைத் வரைக்கும் போய்விட்டது. அங்கிருந்து இளவழகன் போன் செய்தான். பெரியவர் பாடுவதாக இருந்தால் என் வீடியோவை நீக்கிவிடு என்று கண்டிப்பாகச் சொன்னான். பாடற்குழுவின் நல்ல குரலே அவன்தான். கலைச்செல்வி இரண்டு பக்கமும் இடிபடும் மத்தளமானாள்.

மரியசூசையின் வீடியோ வந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கண்ணை மூடி, வாயை அகலத் திறந்து மனிதர் உருகிக்கொண்டிருந்தார்.

கலைச்செல்வி சத்தத்தைத் திறக்கவே இல்லை. குரலைக் கேட்டுவிட்டு எடுப்பதைவிடக் கேட்காமலே எடுத்துவிடுவது சுலபம். பாட்டுக்கு முன்னால் எல்லோரும் ஒரு தட்டு கை தட்ட வேண்டும், அதை வைத்துத்தான் அத்தனை பேரையும் ஒரே தாளத்தில் நிறுத்துவாள். மரியசூசை கை தட்டுவதை மட்டும் படத்தில் பார்த்தே பொருத்திக்கொண்டாள். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவரை நடு வரிசையில் வைத்தாள்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் கோயிலில் திரை கட்டி வீடியோவைப் போட்டார்கள். பாட்டு நன்றாகவே வந்திருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். உங்க கொரலுதான் தனியாக் கேட்டுது என்று, பூசைக்கு வந்திருந்த விருத்தாம்பாள் மரியசூசையிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள். அவரும் சிரித்துக்கொண்டார்.

அப்புறம் கலைச்செல்வியிடம் வந்தார். "என் கொரலு எங்கியும் துருத்திக்கினு தெரியல பாப்பா. நல்லா சேத்துருக்க."

கையிலிருந்த கேக்கை அவள் அப்படியே கீழே வைத்துவிட்டாள். கண்டுபிடித்துவிட்டாரோ? கண்டுபிடித்திருந்தால் இவ்வளவு சந்தோஷமாக எப்படி நிற்பார்? கண்டுபிடிக்கவில்லை என்றால் அது இன்னும் மோசம். இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றிவிட்டோமே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கடையைத் திறந்ததும் முதல் வேலையாக மரியசூசை அனுப்பிய வீடியோவை எடுத்தாள். அவர் குரலையும் சேர்த்து இன்னொரு பாட்டுத் தயார் செய்து, அவர் வீட்டுக்கு மட்டும் கொடுத்துவிடலாம். கரகரப்பாக இருந்தால் என்ன, அவருடைய குரல் அவர் வீட்டிலாவது கேட்கட்டும்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டினாள்.

ஃபேன் ஓடும் சத்தம் கேட்டது. வாசலில் எங்கோ ஒரு கோழி. அவர் கை தட்டினார், அதுவும் கேட்டது. அதன் பிறகு ஒன்றுமில்லை. இன்னும் கூட்டினாள். ஃபேன்தான் பலமாக ஓடியது. திரையில் மரியசூசை கண்ணை மூடி உருகிக்கொண்டுதான் இருந்தார். ஹெட்போனில்தான் கோளாறு என்று நினைத்து வேறொன்றை மாற்றிப் பார்த்தாள். அதே ஃபேன், அதே கோழி.

பாட்டு முடிந்தது. மரியசூசை கண்ணைத் திறந்து இயர்போனைக் கழற்றினார். வீடியோவை நிறுத்த அவருக்குத் தெரியவில்லை போலிருக்கிறது, அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி ஆரோக்கியத்தின் குரல் கேட்டது. "இன்னாங்க இது? வாய மட்டும் அசைச்சிட்டு எழுந்துக்கிறீங்க. ஒரு சத்தமும் வர்லியே?"

மரியசூசை சட்டையின் மேல் பித்தானைக் கழற்றியபடி, கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னார்.

"நான் பாடுனா பாட்டு கெட்டுடும் ஆரோக்கியம். மாட்டேன்னா, ஊடு தேடி வந்து கூப்ட்ட புள்ள மனசு கெட்டுடும்."