மத்தியானப் படபடப்பு

முத்தியால்பேட்டை ரஃபாயேலுக்கு மத்தியானம் சாப்பிட்டு எழுந்தாலே நெஞ்சு படபடக்கும். "வயிறு உப்பினா இதயமும் வேகமா துடிக்கும், வெறும் வாயுதான்" என்றார் டாக்டர். ரஃபாயேல் நம்பவில்லை. மனைவி க்ளெமான்ஸ் சோற்றில் எதையோ கலக்கிறாள் என்று சந்தேகப்பட்டார்.

ஒருநாள் தான் சாப்பிடாமல், அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயில் சோற்றை வைத்ததும் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. மீன்குழம்பு வாசனையோடு ஏப்பமும் அவருக்கே வந்தது.

மறுநாள் அவளைச் சாரம் பகுதியிலுள்ள அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுப்பே மூட்டாமல் வீட்டில் தனியாகப் பட்டினி கிடந்தார். மத்தியானம் நெஞ்சு படபடத்தது. உடனே போன் போட்டார்.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்லங்க. அக்கா இப்பதான் சமைக்கறாங்க."

அவருக்குக் கறிக்குழம்பு ஏப்பம் வந்தது. உள்ளே, சமையலறைக் குழாயில் யாரோ கை கழுவினார்கள்.