கப்பிக்குப் புருஷன் யார்?

“அப்பன் யாருன்னு இப்பச் சொல்லப்போறியா, இல்லையா?”

ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகரத்தில், பாதி எழும்பிய கட்டடத்தின் சாரத்தில் நின்றபடி கைபேசியில் கத்தினான் குர்ஷேத். தஜிகிஸ்தானில், குஜந்த் ஊரில், சமையலறை மேசைமேல் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் மனைவி நிகோரா நிமிரவே இல்லை.

“எனக்கென்ன தெரியும்? காலையில எழுந்து பார்த்தேன். இருபத்திரண்டு குட்டி.”

ஜன்னலோரக் கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். பாசிக்கு நடுவே சாம்பல் நிறக் கப்பி மீன் ஒன்று, வயிறு ஒட்டிப்போய், எதுவுமே நடக்காததுபோல் நீந்திக்கொண்டிருந்தது.

கல்யாணமான இருபதாம் நாள் ரஷ்யாவுக்குக் கிளம்பியபோது அவன் வாங்கித் தந்தது. “துணைக்கு வச்சுக்கோ” என்று ஒரே ஒரு பெண் மீன். ஒப்பந்தம் இரண்டு வருடம். நடுவில் வரவே முடியாது என்று அன்றே கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்.

முதல்முறை குட்டி போட்டபோது சிரித்தான். வாங்கும்போதே சினையாக இருந்திருக்கும். அடுத்த மாதம் மறுபடியும் போட்டபோது சிரிக்கவில்லை. இது மூன்றாவது தடவை.

“ஆணே இல்லாம எப்படிடி குட்டி போடும்? எவனோ வீட்டுக்கு வந்து விட்டுட்டுப் போயிருக்கான்!”

“யாரும் வரலை. தாயே தின்னுடும்னு குட்டிகளைப் பிறந்த அன்னைக்கே வேற ஜாடிக்கு மாத்திடறேன். தொட்டியில இது ஒண்ணுதான்.”

“தாயே தின்னும்னு உனக்கு யார் சொன்னா?”

நிகோரா மாவை ஓங்கி ஒரு அடி அடித்தாள். “சந்தேகமா இருந்தா நீங்களே வந்து தொட்டியில இறங்கித் தேடுங்க.”

மூன்றாம் நாள் காலையில் கதவு தட்டப்பட்டது. தோள் பையைக்கூட இறக்காமல் நேரே தொட்டிக்குப் போனான் குர்ஷேத். முழங்கைவரை நனைத்துப் பாசியை விலக்கிப் பார்த்தான். ஆண் மீன் இல்லை.

“டீ குடிச்சிட்டுத் தேடலாமே?” என்றாள்.

குடிக்கவில்லை. மீன் விற்ற சைஃபியைத் தேடிச் சந்தைக்கு ஓடினான்.

கதையைக் கேட்டு சைஃபிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அட தம்பி! கப்பி ஒரு தடவை ஆணோட சேர்ந்தாப் போதும். அது தந்ததை வயித்துக்குள்ளயே பத்திரமா வச்சிருந்து, ஆறு மாசம்கூடத் தனியாக் குட்டி போடும். இதுக்கா ரஷ்யாவுலேர்ந்து ஓடியாந்தே?”

குர்ஷேத்தின் காது சிவந்தது. பெரிய முலாம்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினான். நிகோராவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

“மன்னிச்சிடு. மேஸ்திரியோட சண்டை போட்டு வேலையையும் விட்டுட்டு வந்துட்டேன். இனி இங்கேயேதான் ஏதாவது பார்க்கணும். ஆணோட ஒரு தடவை சேர்ந்தாப் போதுமாம், மாசக்கணக்கா குட்டி போடுமாம்… நமக்கு எங்கே தெரியும் இதெல்லாம்!”

அவள் பழத்தை வெட்டி, முதல் கீற்றை அவன் கையில் வைத்தாள்.

“எனக்கு முன்னாடியே தெரியும். ஃபோன்ல சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா?”